இதயத்தை நிறுத்தி இதயத்தைக் காத்த கதை

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் பைபாஸ் ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்ததும் வீட்டில் ஒரு கேள்வி எழும்பும். நெஞ்சைப் பிளப்பார்கள் என்பதை மனசு எப்படியோ ஏற்றுக்கொண்டுவிடுகிறது. "இதயத்த நிப்பாட்டிட்டா செய்வாங்க? நிப்பாட்டினது திரும்ப ஓடாமப் போனா?" என்பதுதான் தொண்டையில் நிற்கும். ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் இந்தக் கேள்விக்குப் பயந்து திகதியைத் தள்ளிப்போட்டவர்களும் இருக்கிறார்கள், கையெழுத்து வைக்காமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் எல்லோரிடமும் இப்படி ஒரு கதையாவது உண்டு.

அவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஏனென்றால் இதே கேள்விதான் இதய சத்திரசிகிச்சை நிபுணர்களையும் இருபது வருடத்துக்கு மேல் தூங்கவிடாமல் செய்தது. நிறுத்திய இதயம் திரும்ப ஓடாமல் போனதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். ஓடத் தொடங்கி, இரண்டு நாளில் களைத்து நின்றதையும் கண்டவர்கள். அந்தப் பயத்துக்கு அவர்கள் எப்படிப் பதில் தேடினார்கள், அந்தப் பதில் எப்படி எங்கள் மலை அடிவாரம் வரை வந்தது என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலில் சிக்கல் என்னவென்று தெளிவாக்கிக்கொள்வோம். இதயம் உடம்பு முழுக்க இரத்தம் அனுப்புகிறது, சரி. தன் சொந்தத் தசைக்கு வேண்டிய இரத்தத்தை அது எங்கிருந்து எடுக்கிறது? உள்ளே நிரம்பியிருக்கும் இரத்தத்திலிருந்து நேராக எடுப்பதில்லை. தொகுதிப் பெருநாடி இதயத்தை விட்டு வெளியே வந்தவுடனேயே, வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு சின்னக் கிளைகள் பிரிந்து திரும்பி இதயத்தின் மேலேயே படர்கின்றன. அவைதான் முடியுரு நாடிகள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குப் படம் ஞாபகம் இருக்கும். அடைப்பு வருவது இவற்றில்தான். பைபாஸ் என்றால், காலிலிருந்து எடுத்த நாளத்தையோ நெஞ்சுச் சுவரின் உட்பக்க நாடியையோ அடைப்புக்கு அந்தப் பக்கத்தில் கொண்டுபோய்த் தைப்பது. தைக்க வேண்டிய நாடியின் அகலம் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர். துடிக்கிற தசையின் மேல், இரத்தம் பீறிட, அதைத் தைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே அசைவும் இருக்கக் கூடாது, இரத்தமும் இருக்கக் கூடாது. அதற்காக உடம்பின் இரத்த ஓட்டத்தை இதய-நுரையீரல் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, பெருநாடிக்குக் குறுக்கே ஒரு கவ்வியைப் போடுகிறார்கள். பொறி இங்கேதான். இயந்திரத்திலிருந்து வரும் இரத்தம் கவ்விக்கு அப்பால் போய் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கால் பெருவிரலுக்கும் சேர்கிறது. கவ்விக்கு இப்பால் இருக்கும் அந்த இரண்டு சின்னக் கிளைகளுக்கு மட்டும் ஒரு சொட்டும் இல்லை. ஊர் லயத்துக்கெல்லாம் பைப்பைத் திறந்துவிடுகிறவன் வீட்டில் மட்டும் தண்ணி வராத மாதிரி. சூடாக, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தசை இரத்தமில்லாமல் சுமார் 20 நிமிடம் தாங்கும் என்றும், அதற்குப் பிறகு கலங்கள் மீள முடியாதபடி சாகத் தொடங்கும் என்றும் நாய்களில் செய்த ஆராய்ச்சிகள் காட்டின. மூன்று இடத்தில் பைபாஸ் தைக்க ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும். கணக்கு உதைக்கிறது தானே?

இந்தக் கணக்கைச் சரிபண்ணின பொருள் சாதாரண உப்பு. அதனால் கதையைச் சத்திரசிகிச்சைக்கு முன்னாலேயே தொடங்க வேண்டும்.

1882இல் லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் சிட்னி ரிங்கர் என்ற வைத்தியர் தவளை இதயத்தை வெளியே எடுத்து, உப்புத் தண்ணீர் ஓடவிட்டு, அது எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் உப்புத் தண்ணீரிலேயே இதயம் நன்றாகத் துடித்தது, அவரும் அப்படியே எழுதி வெளியிட்டார். பிறகுதான் தெரியவந்தது, கரைசல் வடித்த நீரில் தயாரிக்கப்படவில்லை, லண்டன் பைப் தண்ணியில் தயாரிக்கப்பட்டிருந்தது. வடித்த நீரில் செய்து பார்த்தால் இதயம் சோர்ந்து நின்றுவிட்டது. பைப் தண்ணியில் இருந்த கல்சியம்தான் அதுவரை இதயத்தை ஓட்டியிருக்கிறது. ரிங்கர் 1883இல் தன் முன்னைய முடிவைத் தானே திருத்தி எழுதினார். கல்சியம் இருந்தால் சுருங்கும், பொற்றாசியம் கூடிப்போனால் தளர்ந்த நிலையில் நின்றுவிடும் என்று உப்புகளின் வேலைகளைப் பிரித்துக் காட்டினார். வாட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கும் ஹார்ட்மன் போத்தல், ரிங்கருடைய கரைசலில் 1930களில் லக்டேட்டைச் சேர்த்து வந்ததுதான். டெங்கு வந்து படுத்தவர்கள் பலருக்கு அந்தப் போத்தலை நன்றாகத் தெரியும்.

பொற்றாசியம் ஏன் இதயத்தை நிறுத்துகிறது? இதயக் கலத்துக்கு உள்ளே பொற்றாசியம் நிறைய, வெளியே இரத்தத்தில் கொஞ்சம். ஒரு லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான். மேட்டில் இருக்கும் தாங்கிக்கும் பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கும் உயர வித்தியாசம் இருக்கிறபடியால்தானே பைப்பில் தண்ணி வருகிறது. அதே மாதிரி இந்த உள்-வெளி வித்தியாசத்தில்தான் கலத்தின் மின்சாரம் நிற்கிறது. வெளியே பொற்றாசியத்தை 16, 20 என்று உயர்த்திவிட்டால் வித்தியாசம் குறைந்து, அடுத்த துடிப்புக்கான மின் அலை கிளம்பவே முடியாமல் போய்விடும். இதயம் சுருங்கிய நிலையில் நிற்காமல், விரிந்து தளர்ந்த நிலையில் நிற்கும். இந்தத் தளர்வு முக்கியம், பின்னால் மறுபடி வரும்.

ரிங்கருக்குப் பிறகு எழுபது வருடம் இது தவளை இதயத்தோடேயே கிடந்தது. திறந்த இதயத்தில் கை வைக்க வழியே இல்லாதபோது அதை நிறுத்தும் மருந்து யாருக்கு வேணும்?

வழி முதலில் குளிரில் வந்தது. டொரண்டோவில் வில்பிரட் பிகெலோ, உடம்பைக் குளிராக்கினால் ஒட்சிசன் தேவை குறையும் என்று 1950இல் நாய்களில் காட்டினார். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் விலங்குகளின் மேல் அவருக்கு ஒரு தனிப் பைத்தியம். 1952 செப்டெம்பரில் மினசோட்டாவில் ஜோன் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடம்பைக் குளிராக்கி, இதயத்திலிருந்த ஓட்டையை மூடினார். ஆனால் அப்படிக் கிடைத்த நேரம் ஐந்தாறு நிமிடம்தான். 1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். உடம்பு காப்பாற்றப்பட்டது. இதயம்?

லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் டெனிஸ் மெல்ரோஸ் என்ற வைத்தியர், தானே ஒரு இதய-நுரையீரல் இயந்திரத்தை வடிவமைத்தவர், 1955இல் தன் சகாக்களோடு லான்செட் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பொற்றாசியம் சித்திரேற்றை முடியுரு நாடிகளுக்குள் செலுத்தினால் இதயம் வேண்டும்போது நிற்கிறது, இரத்தத்தால் கழுவிவிட்டால் திரும்பத் துடிக்கிறது என்று அதில் காட்டினார். அடுத்த வருடமே அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக்கில் இதை நோயாளிகளில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். முதன்முறையாக அசையாத, இரத்தமில்லாத இதயம் சத்திரசிகிச்சை நிபுணரின் கைக்குக் கீழே கிடந்தது. அந்தச் சந்தோசத்தை எங்களால் ஊகிக்க முடிகிறது.

நான்கைந்து வருடத்தில் சந்தோசம் வற்றியது. இந்த முறையில் நிறுத்திய இதயங்களில் தசை செத்துக் கிடந்த இடங்கள் காணப்பட்டன. 1960 அளவில் அறிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வர, அமெரிக்காவும் பிரிட்டனும் மெல்ரோஸின் முறையைக் கைவிட்டன. பொற்றாசியம் என்றாலே இதயத்துக்கு நஞ்சு என்ற பேர் நின்றுவிட்டது.

உண்மையில் என்ன நடந்தது? மெல்ரோஸின் கரைசலில் பொற்றாசியம் ஒரு லீற்றருக்கு 200 மில்லிமோலுக்கும் மேல் இருந்தது. இன்று பயன்படுவதைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம். அதோடு சித்திரேற்று கல்சியத்தையும் பிடித்துவிடும். யோசனை சரி, அளவு பிழை. இதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லாமல் போனதால் நல்ல யோசனை ஒன்று பதினைந்து வருடம் குப்பையில் கிடந்தது. ஒரு தேர்தலில் தோற்ற கொள்கையைப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி என்று எங்களில் ஒருவர் சொன்னார். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் விட மனமில்லை.

அந்தப் பதினைந்து வருடமும் வைத்தியர்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்டான்போர்டில் நோர்மன் ஷம்வே, குளிர்ந்த உப்புத் தண்ணியை இதயத்தைச் சுற்றி ஊற்றினார். ஐஸ் கூழைக் கொட்டிய இடங்களும் உண்டு. எளிமையான வழி, ஓரளவு வேலையும் செய்தது. பக்க விளைவு ஒன்றும் இருந்தது: இதயப் பையை உரசிக்கொண்டு போகும், பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பு ஐஸில் விறைத்துப்போய் சிலருக்கு மூச்சு விடுவது கஷ்டமாகும். வேறு சிலர் கவ்வியைப் பதினைந்து நிமிடம் போட்டு, சில நிமிடம் எடுத்து, திரும்பப் போட்டு என்று தவணை முறையில் தைத்தார்கள். இன்னும் சிலர் முடியுரு நாடிகளுக்குள்ளேயே குழாய் விட்டு இரத்தம் ஓட்டிப் பார்த்தார்கள்.

இதற்கிடையில் ஜெர்மனியில் பொற்றாசியப் பயம் வேறு மாதிரி வேலை செய்தது. கொட்டிங்கனில் ஹன்ஸ் யூர்கன் பிரெட்ஷ்னைடர், சோடியத்தைக் குறைத்து, கல்சியத்தை நீக்கி, புரோக்கெயின் சேர்த்து இதயத்தை நிறுத்தும் கரைசல்களை 1960கள் முழுக்க ஆராய்ந்தார். அவருடைய பிந்திய கரைசல் ஒன்று இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் அந்தக் கட்டுரைகள் ஜெர்மன் மொழியில் இருந்ததால் ஆங்கில உலகம் நெடுநாள் அவற்றைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆங்கிலத்தில் இல்லாத அறிவு இல்லாத அறிவாகவே எண்ணப்படுவது எங்களுக்குப் புதிதா என்ன.

1967இல் கிளீவ்லண்டில் ரெனே ஃபவலோரோ, கால் நாளத்தை எடுத்துப் பைபாஸ் செய்யும் முறையைத் தொடங்கினார். அதற்கு மூன்று வருடம் முந்தி, லெனின்கிராட்டில் வசிலி கொலெசொவ் நெஞ்சு உட்பக்க நாடியைத் துடிக்கும் இதயத்திலேயே தைத்திருந்தார். ஃபவலோரோவின் முறை தீயாய்ப் பரவியது. அதுவரை ஓட்டை மூடவும் வால்வு மாற்றவும் மட்டும் திறந்த இதயங்களுக்குப் பதிலாக, ஏற்கெனவே இரத்தம் போதாமல் நொந்துபோன இதயங்கள் மேசைக்கு வரத் தொடங்கின. காயம் தாங்கும் சக்தி இவற்றுக்கு இன்னும் குறைவு.

அதே வருடங்களில்தான் மிகக் கசப்பான உண்மையும் வெளியே வந்தது. 1967இலும் 1969இலும் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், சத்திரசிகிச்சைக்குப் பிறகு இறந்தவர்களின் இதயங்களைப் பிரித்துப் பார்த்தன. தைத்த இடம் சரியாக இருந்தது, வால்வு சரியாக இருந்தது, இதயத்தசைதான் செத்திருந்தது. அதுவரை "நோய் முற்றியிருந்தது, இதயம் தாங்கவில்லை" என்று உறவினர்களுக்குச் சொல்லப்பட்ட மரணங்களில் ஒரு பகுதியை ஒப்பரேஷன் மேசையே உண்டாக்கியிருந்தது. 1972இல் ஹூஸ்டனின் டென்டன் கூலி இன்னும் பயங்கரமான ஒன்றுக்குப் பேர் வைத்தார்: கல் இதயம். கவ்வியை எடுத்த பிறகு இதயம் தளரவே மாட்டாது. சக்தி முழுக்கத் தீர்ந்த தசை இறுகிச் சுருங்கி, கையில் கல் மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை.

தங்கள் கையால் நேர்ந்ததைத் தாங்களே சஞ்சிகையில் எழுதி வைத்தார்கள் என்பதை நாங்கள் சின்ன விசயமாக எடுக்கவில்லை. அது எழுதப்படாமல் போயிருந்தால் அடுத்த அடி எடுத்துவைக்கப்பட்டிருக்காது.

அடுத்த அடி இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. 1973இல் அமெரிக்காவில் கேயும் எபர்ட்டும் பொற்றாசியத்தைக் குறைந்த அளவில் பயன்படுத்தி, மெல்ரோஸின் யோசனைக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். லண்டன் சென்ட் தோமஸ் ஆஸ்பத்திரியில் டேவிட் ஹேர்ஸ் என்ற உயிர் இரசாயனவியலாளரும் மார்க் பிரெயிம்பிரிட்ஜ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து எலி இதயங்களில் ஒவ்வொரு பொருளாகச் சோதித்தார்கள். இவ்வளவு பொற்றாசியம் போட்டால் எப்படி, கொஞ்சம் கூட்டினால் எப்படி, மக்னீசியம் சேர்த்தால் எப்படி, கல்சியத்தை முழுக்க எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று. கல்சியத்தை அறவே எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தால் கலங்களே வெடித்துச் சாகும் என்பது 1966இலேயே தெரிந்திருந்தது. அதனால் அதைக் கொஞ்சம் வைத்துக்கொண்டார்கள். அப்படிப் பிறந்த கரைசலை 1975இல் நோயாளிகளில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பிறகு திருத்தி எடுத்த வடிவத்தில் பொற்றாசியம் 16 மில்லிமோல், மக்னீசியம் 16, கல்சியம் ஒன்றுக்குச் சற்று மேல், மிச்சம் சோடியம் குளோரைட்டும் கொஞ்சம் சோடியம் பைகாபனேற்றும். எங்கள் பாடசாலை ஆய்வுகூட அலுமாரியிலும் பேர் எழுதி நிற்கக்கூடிய உப்புகள்தான் எல்லாம்.

இதைப் பெருநாடிக் கவ்விக்கு இப்பால், குளிராக்கி, முடியுரு நாடிகளுக்குள் செலுத்துகிறார்கள். அநேகமாக ஒரு நிமிடத்துக்குள் இதயம் நின்றுவிடும். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுப்பார்கள்.

நிறுத்துவது ஏன் காப்பாற்றுகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேலை செய்யும் இதயத்தசை 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 9 மில்லிலீற்றர் ஒட்சிசன் எடுக்கும். இயந்திரத்தில் போட்டு, வெறுமையாகத் துடிக்கவிட்டால் ஐந்தரை அளவுக்கு இறங்கும். நிறுத்திவிட்டால், குளிராக்காமலேயே, ஒன்றுக்குக் கிட்ட வந்துவிடும். நிறுத்தி 22 பாகைக்குக் குளிராக்கினால் 0.3. வீட்டில் பயப்படுகிற அந்த நிறுத்தம்தான் பத்தில் ஒன்பது பங்கு வேலையைச் செய்கிறது, குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. துடித்துக்கொண்டே பட்டினி கிடப்பதுதான் இதயத்துக்கு ஆபத்து. தளர்ந்து நின்று பட்டினி கிடந்தால் அது ஒரு மணித்தியாலத்தை ஓரளவு சமாளிக்கும். வாட்டில் யாராவது இந்தக் கணக்கை ஐந்து நிமிடம் உட்கார்ந்து, தமிழில், நோயாளிக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால் எத்தனை கையெழுத்துகள் விழும் என்று நாங்கள் யோசிப்பதுண்டு.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1970களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஜெரால்ட் பக்பர்க், வெறும் உப்புத் தண்ணிக்குப் பதிலாக நோயாளியின் சொந்த இரத்தத்திலேயே பொற்றாசியத்தைக் கலந்தார். ஒட்சிசனும் சேர்ந்து போகும். முன்பக்க நாடிகள் மோசமாக அடைபட்டிருந்தால் கரைசல் போகாது என்பதால், பின்பக்கமாக, நாளத்தின் வழியே செலுத்தும் முறை வந்தது. 1990களில் டொரண்டோவில் குளிரே வேண்டாம், சூடான இரத்தமே போதும் என்றார்கள். பிட்ஸ்பர்க்கில் குழந்தைகளுக்காகப் பேத்ரோ டெல் நிதோவின் குழு செய்த கரைசலை ஒருமுறை கொடுத்தால் நீண்ட நேரம் தாங்கும் என்பதால் இப்போது பெரியவர்களுக்கும் கொடுக்கிறார்கள். எது சிறந்தது என்று இன்னும் சண்டை ஓயவில்லை. ஒரே பதில் இருந்திருந்தால் இத்தனை கரைசல் இருந்திருக்காது.

எல்லா யோசனையும் பலிக்கவுமில்லை. சின்னச் சின்ன இடைவெளியில் இரத்தத்தை நிறுத்தித் திறந்தால் இதயம் பட்டினிக்குப் பழகிக்கொள்ளும் என்று 1986இல் நாய்களில் கண்டுபிடித்தார்கள். கையில் இரத்த அழுத்தப் பட்டியைக் கட்டி ஐந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் தளர்த்தினாலே இதயத்துக்கும் அந்தப் பழக்கம் வரும் என்றார்கள். செலவே இல்லாத வைத்தியம், எங்களைப் போன்ற நாடுகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. 2015இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நடந்த இரண்டு பெரிய பரிசோதனைகளின் முடிவு வெளிவந்தது. பலன் இல்லை. இதயத்தை நிறுத்தாமலே தைத்தால் என்ன என்ற கேள்விக்கும் 19 நாடுகளில் 4752 நோயாளிகளோடு நடந்த ஒரு பரிசோதனை பதில் சொன்னது. 2012இல் வந்த முதல் முடிவிலும், ஐந்து வருடக் கணக்கிலும், மரணம், மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதயத்தை நிறுத்துவதால் நடக்கும் காயம் அந்தளவுக்குக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது என்றும் இதை வாசிக்கலாம்.

சரி, இதெல்லாம் லண்டனிலும் ஹூஸ்டனிலும் நடந்தது. எங்கள் பக்கம்?

சென்ட் தோமஸ் கரைசல் நோயாளிகளுக்குப் போன அதே 1975இல், இந்தியாவின் முதல் பைபாஸை சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் கே.எம். செரியன் செய்தார். பணக்காரர்களின் ஆஸ்பத்திரியில் இல்லை, ரயில்வே தொழிலாளர்களின் ஆஸ்பத்திரியில் என்பது எங்களுக்குப் பிடித்த விவரம். பிற்பாடு சென்னை என்றாலே, காசு புரட்டக்கூடிய இலங்கைத் தமிழர்களுக்கு இதய ஒப்பரேஷன் என்று ஆகிப்போனது. காணி விற்று, நகை வைத்துப் போனார்கள். தோட்டத்தில் பேர் பதிந்து கைக்காசு வாங்குகிறவருக்கு விற்கக் காணி ஏது? அவருக்கு இருப்பது கண்டிதான். மத்திய மாகாணம் மட்டுமில்லை, அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் வந்து சேரும் அந்த ஆஸ்பத்திரியில், வரிசை எவ்வளவு நீளமானாலும் இந்த ஒப்பரேஷனுக்குக் கட்டணம் இல்லை.

2017 ஜூலையில் இலங்கையின் முதல் இதய மாற்றுச் சத்திரசிகிச்சை அந்தக் கண்டி ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. கொழும்பில் இல்லை. கேப் டவுனில் கிறிஸ்டியான் பார்னார்ட் உலகின் முதலாவதைச் செய்து ஐம்பது வருடம் ஆகப்போகிற நேரம். இதய மாற்று என்றால் எல்லோரும் தையலைத்தான் நினைக்கிறோம். ஆனால் ஒரு உடம்பிலிருந்து எடுத்த இதயம் இன்னொரு உடம்புக்குள் துடிக்கும் வரை அதற்கு இரத்தமே இல்லை. அந்த இடைவெளி சுமார் நான்கு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. இதயத்தை நிறுத்தும் குளிர்ந்த கரைசல், ஐஸ், கடிகாரம், மூன்றும்தான் அந்த நேரத்தை வாங்கித் தருகின்றன. மெல்ரோஸும் ஷம்வேயும் ஹேர்ஸும் பட்ட பாடெல்லாம் சேர்ந்து நின்ற இடம் அது. பத்திரிகைகளில் அப்போது சத்திரசிகிச்சைக் குழுவைப் பாராட்டினார்கள், சரியாகவே பாராட்டினார்கள். கரைசலைப் பற்றி யாரும் எழுதியதாக எங்களுக்கு ஞாபகமில்லை.

உப்பு மலிவு என்றோம். அந்த உப்பைக் கிருமி நீக்கி, ஒரு மில்லிமோல் பிசகாமல் கலந்து, உறையிட்டு, தீராமல் வைத்திருப்பது மலிவில்லை. மெல்ரோஸின் கதையில் அளவு பிசகினால் என்ன ஆகும் என்று பார்த்தோம். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவரும் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவருமான சேனக பிபிலே, மருந்தைக் கம்பனிப் பேரில் வாங்காமல் அதன் உண்மைப் பேரில், கேள்விப்பத்திரம் கோரி, நாட்டுக்கே ஒரே இடத்தில் வாங்க வேண்டும் என்று போராடினார். 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அவருடைய உழைப்பு. 1977இல் கயானாவில் காலமானார். பொற்றாசியம் குளோரைட்டுக்கு எந்தக் கம்பனிப் பேரும் தேவையில்லை என்பதை அவரைவிட நன்றாக விளக்கக்கூடியவர் இருந்திருக்க முடியாது.

2022 மார்ச் கடைசியில், அதே பேராதனையில், போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி, அவசரமானவற்றை மட்டும் செய்வதாக அறிவித்தது. டொலர் இல்லை, மருந்து இல்லை. தட்டுப்பாடாகியிருந்த மருந்துகளில் ஒன்று நியோஸ்டிக்மின், மயக்கத்தின்போது தளரவைத்த தசைகளை ஒப்பரேஷன் முடிந்ததும் மறுபடி இயங்கவைக்கும் சாதாரண, பழைய ஊசிமருந்து. செய்தி வந்ததும் இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் பகிரங்கமாகக் கவலை தெரிவித்து, உதவச் சொல்லித் தன் தூதருக்குப் பணித்தார். எங்கள் நாட்டுச் சுகாதாரத்தின் நிலை பக்கத்து நாட்டு அமைச்சரின் ட்விட்டர் பதிவில் தெரிந்த நாள் அது.

பைபாஸ் மேசைக்கு வேண்டியவற்றை எண்ணிப் பார்த்தோம். ஒரே தடவை பயன்படுத்தி எறியும் ஒட்சிசன் ஏற்றும் கருவி, குழாய்கள், இரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின், பிறகு அதை முறிக்கப் புரோட்டமின், மயக்க மருந்துகள், தையல் நூல், கரைசல். பெரும்பாலானவை கப்பலிலோ விமானத்திலோதான் வர வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றவை அலுமாரியில் கிடக்கும். எந்த ஆஸ்பத்திரியிலும், கிளினிக் கொப்பியில் திகதி போட்ட பைபாஸ் "திட்டமிட்ட" கணக்கில்தான் வரும். அது "அவசரம்" ஆக வேண்டுமென்றால் முதலில் மாரடைப்பு வர வேண்டும்.